சவரிமுத்து: ஒரு சொல்லாராய்ச்சி

சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் கிராணி பேர் கூப்பிட்ட காலத்தில், முனியாண்டிக்கும் ராமாயிக்கும் நடுவே ஒரு சவரிமுத்து குரல் கொடுப்பார். இப்பெயருக்கு வேர் யாது எனின், சவரம் என்பார் ஒரு சாரார். கொண்டையில் சேர்க்கும் சவரிமுடி என்பார் மறுசாரார். ஒன்று மயிரைக் களைவது, மற்றொன்று கூட்டுவது. இரண்டையும் ஒரே தலையில் ஏற்றலாகாது என்பதால் இரண்டையும் தள்ளினோம்.

பிரான்சில் ஆண்பிள்ளைக்கு வைக்கும் 'க்ஸாவியே'தான் இது. அங்கேயும் அது வந்தேறிதான். பைரனீஸ் மலையடிவாரத்துப் பாஸ்க் மொழியில் 'எட்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. நவார் நாட்டில் 'புதுவீடு' என்று பொருள்படும் ஊரின் கோட்டையில் 1506இல் பிறந்து, பாரிஸில் படித்த பிரான்சிஸுக்கு, வேதநாயகம் பிள்ளைக்கு மாயூரம் ஒட்டியதுபோல ஊர்ப்பேர் ஒட்டிக்கொண்டது. 1542இல் அவர் மதம் பரப்ப முத்துக்குளித்துறைக்கு வந்தார். போர்த்துக்கீசியர் வாயில் 'ஷவியேர்' ஆக இருந்தவர், பரதவர் வாயில் சவேரியார் ஆனார். பிரெஞ்சுக்காரர் சொல்வதுபோல் மெய்யெழுத்தைத் தலையில் சுமந்து வந்திருந்தால் தொல்காப்பியர் வாசலிலேயே மறித்திருப்பார். முத்துக் குளிக்கும் கரையில் பேருக்குப் பின்னால் முத்து சேர்ந்ததில் வியப்பில்லை. (சான்று வேண்டுவோர் மூழ்கித் தேடுக.)

1545இல் அவர் மலாக்காவுக்கே வந்துவிட்டார். சிரம்பானிலிருந்து எல்லையூர் தம்பினைத் தாண்டினால் மலாக்காதானே! 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த பிறகும், கோவாவுக்குப் போகும் வழியில் அவர் உடல் சில மாதம் மலாக்கா மண்ணில்தான் கிடந்தது. ஆள் இவ்வளவு முந்தி வந்துவிட, தமிழ்ப் பேர் மட்டும் முந்நூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, கங்காணி பின்னால் கப்பலேறித் தோட்டத்துக்கு வந்தது.

வேர் தெரிந்துவிட்டது. பொருள்தான் பொருந்தவில்லை. சிரம்பான் இருக்கும் நெகிரி செம்பிலானில் மலாய்க்காரரின் 'அடாட் பெர்பாத்தே' மரபில் பரம்பரை வீடும் நிலமும் பெண்வழிச் சொத்து; மாப்பிள்ளைதான் பெட்டியோடு போவார். அதே மாநிலத்துத் தோட்டத்தில் லயத்து வீடு ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை, கம்பெனிக்கு. வேலை இருக்கும்வரை கூரை. சவரிமுத்து நாற்பது வருசம் பால்மரம் வெட்டி, மங்கு கழுவி, ஒட்டுப்பால் சுமந்தாலும் அவர் பேரில் இருந்த புதுவீடு பேரிலேயேதான் இருந்தது.

1950களில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் துண்டாடல் வந்தபோது இருந்த வீட்டுக்கும் ஆபத்து வந்தது. 1960இல் மலாயா இந்தியர் தலைவர் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கக் கிளம்பியது, எம் ஆராய்ச்சியில் இப்பெயர் பொருளோடு நெருங்கிய ஒரே இடம். அப்புறம் செனவாங், நீலாய், செண்டாயான் என்று பால்காடு தாமான் ஆனது.

இதற்குள் பேரனுக்கு ஆங்கில வாயில் புழங்கிய 'சேவியர்' வந்துவிட்டது. அதே பேர், அதே பொருள். தாத்தா பேரும் அப்பா பேரும் சவரிமுத்துவாக இருந்துவிட்டால் ஆராய்ச்சிக்குக் கொண்டாட்டம்தான். மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பிக்கும் பாரத்தில் 'சேவியர், அனாக் லெலாக்கி சவரிமுத்து' என்று எழுதுகிறான். பெயருக்கான கோட்டில் இரண்டு புதுவீடு. அடுத்த கோட்டில், தற்போதைய முகவரி: லயத்து வீட்டு எண்.