இருமுத வாய்க்கு எத்தன வைத்தியம்!

ஏல பேராண்டி, தொண்டையச் செத்த அடக்கிட்டு இப்படி உக்காரு. நீ இருமி முடிக்குததுக்குள்ள வைத்தியம் சொல்லத் தெருவுல ஆள் நிக்கி. மூட்டுவலி, முதுகுவலின்னா நாலு பேரு யோசிச்சுச் சொல்லுவாக. இருமலுக்கு மட்டும் யோசனையே கெடையாது. எதிர்வீட்டு அத்தை துளசிங்கா, பால்காரன் மிளகுங்கான், ஒன் மாமனாரு எவனோ பேசுத வீடியோவ அனுப்பி வைக்காரு. நீயும் எவர் மனசும் நோகக் கூடாதுன்னு எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கொதிக்க வச்சிருக்க. அது கசாயம் இல்லல, சம்பந்தி விருந்து.

ஒண்ணு தெரிஞ்சுக்கோ. சளியக் கொண்டுவார வைரஸு 200 வகைக்கு மேல இருக்கு. எந்த எலையும் அத வெட்டிச் சாய்க்காது. மருந்துக்கடையில போயி, ‘அஞ்சு நாளைக்கு ஆண்டிபயாடிக் குடுங்க’ன்னு அதிகாரமா வாங்குனியே, அதுவும் சாய்க்காது. அது பாக்டீரியாவுக்குள்ள மருந்து. நீ காசு குடுத்து வாங்கிட்டங்கதுக்காக வைரஸு எந்திரிச்சு மரியாதை பண்ணாது. எலை செய்யுதது சின்ன வேலை: தொண்டைக் கரகரப்பக் கொறைக்கும், சளிய எளக்கும், ராத்திரி கண்ணசர விடும். பக்கத்துல படுத்திருக்கவளும் ஒறங்குவா. அது போதாதா?

2013-ல அமெரிக்காக்காரன் ஒரு கணக்கு எடுத்தான். திடீர்னு வார இருமல் எத்தன நாள்ல நிக்கும்னு சனங்களக் கேட்டா, ஏழுலயிருந்து ஒம்பது நாளுன்னு சொல்லியிருக்காக. நெசமா நிக்குததுக்குச் சராசரி 18 நாள் ஆகுதாம். நடுவுல கெடக்க அந்தப் பத்து நாளுலதாம்ல உலகத்துல உள்ள அம்புட்டு இருமல் வைத்தியனும் பொழைக்கான். கடைசியா எவன் மருந்து குடுத்தானோ அவனுக்குப் பேரு. ஒன் ஆச்சி கைராசிக்காரின்னு ஊரே சொல்லுதுல்லா? இருமல் வந்து பத்துப் பன்னெண்டு நாளு ஆகாம அவ அடுப்பு பத்த வச்சு நான் பாத்ததில்ல.

ஆனா எலைய எளக்காரமா நெனச்சிராத. வேலியோரம் நிக்கே ஆடாதோடை, ஆடு கூட வாய வைக்காது, அம்புட்டுக் கசப்பு. நீ மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத் தாண்டிப் போனியே, அதே செடிதான். அதுல வாசிசின்னு ஒரு சரக்கு இருக்கு. அத முன்மாதிரியா வச்சுத்தான் புரோம்ஹெக்சின்னு சளி மருந்தச் செஞ்சாக. அதுலயிருந்து வந்தது ஆம்ப்ராக்சால். டவுன்ல வாங்கிட்டு வந்தியே பாட்டிலு, அதுல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு கண்ணாடியப் போட்டுப் படி. தாத்தன வேலியில விட்டுட்டு, பேரனுக்குக் காசு குடுத்துக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்க! ஒண்ணு, வயித்துல பிள்ளை இருக்கவளுக்கு இந்த எலை ஆகவே ஆகாது, கருப்பைய இறுக்கும். ஒன் தங்கச்சி முழுகாம இருக்கா, பாசத்துல அவளுக்கு ஒரு தம்ளரு நீட்டிராத.

தூதுவளை பறிக்கப் போறேன்னியே, போ. ஊதாப் பூவும் செவப்புப் பழமுமா கொடி படர்ந்து நிக்கும். எலையத் தொட்டுத் தடவிக் கொஞ்சுனியோ, கை பூரா ரத்தம். அடிப்பக்கம் நரம்பு நரம்பாக் கொக்கி முள்ளு. கத்திரிக்கோலால காம்ப வெட்டு, எலையக் கவுத்திப் போட்டுக் கத்தியால முள்ளச் சீவு. பொறவு நெய்யில வதக்கணும். பச்சை நெறம் மங்கிச் சுருண்டு வரயில எறக்கி, மிளகு, சீரகம், நாலு பல்லு பூண்டோட அம்மியில வச்சுத் தட்டி ரசத்துல போடு. மிக்சியில மையா அடிச்சா எனக்கு ஊத்தாத. பட்டணத்துல மாத்திரையா விக்கானாம்லா? முழுங்கிக்கோ. ரசத்த மூக்கால உறிஞ்சுத சொகத்த அவன் எந்த டப்பாவுல அடைப்பான்?

சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டு உடன்குடிக் கருப்பட்டியில காப்பி போட்டா, சாயங்காலத்துக்கு அதுவே தாராளம். அதுல காப்பித்தூளு எங்கன்னு கேட்டு மானத்த வாங்காத.

அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதான், யாரு இல்லன்னா? ஆனா ஒன் மாமனாரு கொதிப்புக்கு ஒரு கையில மாத்திரையும், மறு கையில அதிமதுரக் குச்சியுமா அலையுதாரு. அதத் தொடர்ந்து சப்புனா ரத்தக்கொதிப்பு ஏறும், ஒடம்புல பொட்டாசியம் எறங்கும். மாத்திரைய எழுதுன டாக்டருதான் சரியில்லன்னு இவரு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியுதாரு. நீ சொல்லாத, சம்பந்தம் முறிஞ்சிரும். நான் சொல்லிக்கிடுதேன், எனக்கு அவரு கூட ஒரு பாக்கி இருக்கு.

தேன நீ நக்கு, ஒம்மவன் நக்கக் கூடாது. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேனே ஆகாது. அதுல சில நேரம் ஒரு கிருமியோட வித்து கெடக்கும். நம்ம குடலு அத மொளைக்க விடாது, பச்ச மண்ணு குடலுக்கு அந்தத் தெறம் கெடையாது. நஞ்சு ஏறி ஒடம்பு தொவண்டு போகும். நொச்சி எலையப் போட்டு வேது புடிக்கயிலயும் பிள்ளைய அடுத்த ரூம்புல போட்டுரு. அந்தச் சட்டியத் தட்டிவிட்டுச் சுட்டுக்கிட்ட பிள்ளைக எத்தனைன்னு ஆஸ்பத்திரிக்காரனக் கேளு.

இம்புட்டும் செஞ்சு 2 வாரம் தாண்டியும் நிக்கலைன்னா, 18 நாளுக் கணக்கு தாத்தா சொன்னாருன்னு எங்கிட்ட வராத. காய்ச்ச, எளப்பு, சளியில ரத்தம்னா 2 வாரம் கூடப் பொறுக்காத. நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. டப்பா குடுப்பான், அதுல சளியத் துப்பிக் குடு, காசநோயான்னு பாத்துச் சொல்லிருவான். பைசா வாங்க மாட்டான். பஸ் ஸ்டாண்டு தூணுலயெல்லாம் ஓசியாத் துப்பிட்டு வாரவன்தான நீ, அங்க துப்ப மட்டும் என்னல கூச்சம்?