மோட்டுவளையப் பாக்குற சோலி

வேலவெட்டி இல்லாம உக்காந்திருக்கவன ‘மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கான்’னு வையிறது நம்ம பக்கத்து வழக்கம். எனக்கு அதுல சம்மதம் கெடையாது. எய்யா, மோட்டுவளைய ஒழுங்காப் பாக்குறவன் இப்போ எவன் இருக்கான், சொல்லு? எல்லாவனுக்கும் தல குனிஞ்சுதான கெடக்கு. உள்ளங்கையில வெளிச்சம் எரியுது. உச்சந்தலையில ஓடு விழுந்தாத்தான் மேல ஒண்ணு இருக்குன்னே தெரியும்.

போன தீவாளிக்கு எம் பேரன் மொறைக்காரன் ஒருத்தன் பெங்களூர்ல இருந்து வந்தான். வந்ததும் வராததுமா, “தாத்தா, எங்க வீட்டுக் கூரைய மாத்தணும்”னான்.

“ஏம்டே, அது ஒன்ன என்ன செஞ்சுது?”

“ஒழுகுதுல்லா.”

“எத்தன எடத்துல?”

“ஒரு எடத்துல.”

ஒழுகுனா மாத்தணும்னா, நீ சின்னப்புள்ளையில இருந்து எத்தன மூக்கு மாத்தியிருக்கணும்டே?

அவனுக்குச் சிரிப்பு வரல. பெட்டிக்குள்ள இருந்து ஒரு மிசின எடுத்தான். நாலு றெக்கை. உருப்படி கோழிக்குஞ்சு அளவு, சத்தம் மட்டும் நெல்லு மில்லு அளவு. ட்ரோனாம். கல்யாண வீட்டுல மாப்பிள்ள தலைக்கு மேல சுத்துமே, அதேதான். கூரைக்கு மேல அது ஏறவும், வேப்பமரத்துக் காக்கா ரெண்டு அத வெரட்டவும், இவன் கீழ நின்னு கட்டைவெரலால குஸ்தி போடவும்... சவம், நல்ல கூத்து. ஒருவழியா எறக்கி, போன்ல படத்தக் காமிச்சான். “பாருங்க, ஓடெல்லாம் கறுத்துப் போச்சு.”

கறுத்தா என்ன? நானும்தான் கறுத்திருக்கேன். என்னையும் மாத்திருவியா?

ஓடு கறுக்கது பாசி. மழைக்குப் பச்சை, வெயிலுக்குக் கறுப்பு. ஈரத்தப் புடிச்சு வச்சுக்கிடும், அதனால மழைக்கு முந்தி தென்னவாரியலால ஒரு தள்ளு தள்ளிவிடணும். அம்புட்டுத்தான் அதுக்கு மருந்து. ஓட்டோட ஓரம் பொரை ரொட்டி மாதிரி உதிருதா, மேல்தோல் செதில் செதிலா உரியுதா, அது வேற கத. அத மானத்துல பறக்குற மிசின் சொல்லாது. ஓட்டக் கையில எடுத்து வெரலு முட்டியால ஒரு தட்டு தட்டணும். நல்ல ஓடு கணீர்னு பேசும். கீறல் விழுந்தது ‘பொத்’துன்னு முனகும். மண்பானை வாங்கும்போது ஒங்க ஆச்சி தட்டிப் பாத்தாளே, அந்தப் படிப்புதான். அதுக்குப் பட்டம் கெடையாது.

உச்சி வெயில்ல அவனைப் பட்டாசலுக்குக் கூட்டியாந்து, கதவு சன்னலு எல்லாத்தையும் சாத்தச் சொன்னேன். கும்மிருட்டு. “அண்ணாந்து பாருடே”ன்னேன். பாத்தான். ஓட்டுச் சந்துல அங்கன அங்கன வெயிலு. தரையில காசு காசா வெளிச்சம் கெடக்கு. “அய்யோ தாத்தா, இத்தன ஓட்டையா!”ன்னு நெஞ்சில கைய வச்சுட்டான்.

ஓட்டைன்னு ஆரு சொன்னா? ஓடு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. அந்தச் சந்துக்குள்ள வெளிச்சம் நொழையும், தண்ணி நொழையாது. தண்ணி கீழ்நோக்கி ஓடுற சீவன். அதே மாதிரி, தண்ணி நொழையிற எடத்துல வெளிச்சம் தெரியணும்னும் இல்ல. கரிக்கட்டையால தரையில வட்டம் போட்டு வச்சுட்டு, மழையில வந்து பாக்கணும். எந்த வட்டம் நனையுதோ அங்கனதான் ஒழுகுது, மத்ததெல்லாம் வெறும் வெயிலு. இன்னொண்ணு. சொட்டு விழுற எடத்துக்கு நேர் மேல பொத்தல் இருக்கும்னு நெனைக்காத. மேல எங்கயோ நொழைஞ்சு, ரீப்பர் கட்டையப் புடிச்சு, கைமரத்துல வழுக்கி, சாவகாசமா ஒங் கட்டிலுக்கு மேல வந்து எறங்கும். களவாணி வந்த வழி வேற, சட்டி உருட்டுன எடம் வேற. சொட்டுல இருந்து மேட்டப் பாத்துத் தேடணும். அப்படித் தேடுனதுல ஆப்ட்டது மூணு ஒடஞ்ச ஓடு. தேங்கா விழுந்த கோளாறு. இதுக்குத்தான் பய கூரையவே பிரிக்கணும்னான். அதுவும் ஐப்பசியில! அடைமழை வாசல்ல செருப்பக் கழட்டுது, இவன் தலைக்கு மேல மானத்தத் தெறந்து வைக்கப் போறானாம். கூரைச் சோலியெல்லாம் பங்குனி சித்திரையிலேயே முடிச்சிரணும்டே.

அந்த ஓடு சும்மா ஓடா? ‘சீமை ஓடு’ன்னு பேரு. சீமையில இருந்து கப்பல்ல வந்ததுன்னு நெனச்சிராத. 1860-கள்ல பாசல் மிஷன்காரன் பிளெப்ஸ்ட்னு ஒருத்தன் மங்களூர்ல நேத்ராவதி ஆத்தங்கரைக் களிமண்ண அச்சுல அடிச்சு, சூளையில வச்சு ஆரம்பிச்ச தொழிலு. கள்ளிக்கோட்ட வரைக்கும் அவுகளுக்கு ஆலை இருந்துச்சு. ஓட்டு முதுகுல ஆலைப் பேரு இங்கிலீசுல புடைச்சு நிக்கும். நான் இங்கிலீசு எழுத்துக் கூட்டுனதே அதுலதான். பள்ளிக்கூடத்துல அடி வாங்கிப் படிக்காததக் கூரையில குந்திப் படிச்சேன். அதுக்கு முந்தி நாட்டு ஓடு. குசவர் சக்கரத்துல வனைஞ்சு, ரெண்டா வகுந்து சுட்டது. அது பூனை ஓடுனா நகரும், அணிலு ஓடுனா நகரும். வருசா வருசம் ஆள விட்டுப் பிரிச்சு அடுக்கணும். அத எவனும் ‘கூரை கெட்டுப் போச்சு’ன்னு சொன்னதில்ல. தலை சீவுற மாதிரி அது ஒரு சோலி, அம்புட்டுத்தான்.

சரி, எப்பத்தான் மாத்தணும்? கேளு. ஓடு சட்டை. மரம் எலும்பு. சட்டை கிழிஞ்சா ஒட்டுப் போடு. எலும்பு உளுத்தா? அங்கனதான் ரோசனை பண்ணணும்.

கணக்குப் பாரு. நூறு சதுரடிக்குச் சுமாரா 150 ஓடு. ஒண்ணு ரெண்டரை கிலோன்னு வையி. 375 கிலோ. மழையில குடிச்ச தண்ணி தனி. அம்புட்டையும் தாங்குறது ஓடா? கைமரமும் உத்திரமும்லா. தெருவுக்கு எதிர்த்த பக்கம் போயி நின்னு, மோட்டு வரிசைய மானத்தோட வச்சுப் பாரு. நூல் புடிச்ச மாதிரி இருந்தா நீ பாட்டுக்குத் தூங்கு. வயசான கழுதை முதுகு மாதிரி நடுவுல தொங்குனா தூக்கத்த வேற எங்கயாவது வச்சுக்க. காலையில எந்திரிக்கும்போது கட்டிலு மேல மஞ்சத்தூளு மாதிரி பொடி உதிர்ந்து கெடக்கா? வண்டு தொளைச்சிருக்கு. செவத்துல மண்ணு வரி வரியா ஏறுதா? செல்லு. எந்த மரத்தையும் பாத்து முடிவு கட்டாத. ஒரு ஆணிய எடுத்துக் குத்து. வைரம் பாஞ்ச மரம் ஆணியத் திருப்பி அனுப்பும். உளுத்த மரம் அவலு மாதிரி உள்ள வாங்கும். முக்கியமா செவத்துக்குள்ள சொருகியிருக்க நுனியக் குத்து. ஈரம் அங்கனதான் குடியிருக்கும். நடுவுல கல்லு மாதிரி இருக்கும், நுனியில மாவா இருக்கும்.

பயலோட வீட்டுல குத்துனதுல வடபக்கத்துக் கைமரம் ரெண்டு அவலு. மத்ததெல்லாம் எங்கப்பன் காலத்துத் தேக்கு, என்னயவிட உறுதி. ரெண்டு மரம், மூணு ஓடு. பயலுக்கு மொகம் தொங்கிப் போச்சு. கூட்டாளிககிட்ட ‘புது வீடு’ன்னு சொல்ல முடியாதே!

இவனாவது கேட்டான். இவன் வயசுக்காரன் இன்னொருத்தன், நாலு வருசத்துக்கு முந்தி நல்ல தேக்குக் கூரையப் பிரிச்சு வித்தான். வாங்குனது ஆரு? மலை மேல விடுதி கட்டுற ஆளு. அங்க ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல குடுத்து அதே ஓட்டுக்குக் கீழ படுக்கான் பட்டணத்துக்காரன். வித்தவன் காங்கிரீட்டச் சாய்வாப் போட்டு, அதுக்கு மேல ஓடு மாதிரி ஒண்ண ஒட்டி, ‘கேரளா மாடல்’ங்கான். அண்ணாவி, பல்லைப் புடுங்கிட்டுப் பல்லுப் படம் வரையிறதுக்கு எத்தன ரூவா?

இப்போ காரவீட்டுக்கு வாரேன். ஓட்டு வீட்டுக்காரன் ஒழுகுனதும் அலறுவான். காரவீட்டுக்காரன் ஒழுகுனா வெள்ளையடிப்பான்.

எங்க தெருவுக் கடைசியில ஒரு காரவீடு. முப்பது வருசம் ஆச்சு. முன்னெல்லாம் தளத்துக்கு மேல செங்கச் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து, வாட்டம் பாத்து அடிச்சு, அதுக்கும் மேல தட்டோடு பதிப்பாக. கடுக்காத் தண்ணி, வெல்லத் தண்ணியெல்லாம் அந்தச் சுண்ணாம்புக்குத் தீவனம். இந்த வீட்டுல அதுக்குக் காசு இல்லன்னுட்டாக. வாசல் வளைவுக்கு மட்டும் இருந்துச்சு. தட்டட்டியில மழைத்தண்ணி ரெண்டு நாளு குட்டையா நிக்கும். கைப்பிடிச் செவத்துல அரசங்கன்னு ஒண்ணு மொளைச்சு, பிள்ளையார் வராததுதான் பாக்கி. வருசா வருசம் அத ஒடிப்பாக, வேரு உள்ள சொகமா இருக்கும். கூரையில மரம் மொளைச்சா அது அழகில்ல எய்யா, அது நோட்டீசு.

உள்ள ரூம்புல மேல காரை உப்பிச்சு. செம்மண் நெறத்துல நேர்கோடா ஒரு கறை. அது கறை இல்ல, கம்பி எழுதுன கடுதாசி. கம்பி துருப்பிடிச்சா மெலியிறது மட்டும் இல்ல, அந்தத் துரு ரெண்டு மூணு மடங்கு உப்பும். உப்புனா மேல இருக்க காங்கிரீட்ட நெட்டித் தள்ளும். கம்பி போன வழியிலேயே வெடிப்பு ஓடுறதுக்குக் காரணம் அதுதான். இத ஆரு பாக்கா? அந்த வீட்டுக்காரப் பையன் கறைய மறைக்க பால்ஸ் சீலிங் போட்டான். அட்டையில ஒரு பொய்க்கூரை, ஓரத்துல சுத்தி நீலக்கலரு லைட்டு. மேல தட்டட்டிக்கு ஒரு வெள்ளப் பெயிண்டு, பத்து வருச வாரண்டியோட. வீடு குடிபோன மாதிரி சாப்பாடு வேற போட்டான். நானும் போயி பாயாசம் குடிச்சிட்டு வந்தேன்.

2023 மார்கழி பொறந்த அன்னிக்குப் பெஞ்சுதே, ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டரு. தூத்துக்குடிப் பக்கம் ஒரு வருசம் முழுக்கப் பெய்யிறதே அதுக்குக் கம்மி. எங்கூட்டுல மூணு எடத்துல சொட்டுச்சு. குத்துப்போணி, சருவம், ஆச்சியோட பால்சட்டின்னு மூணையும் வச்சுட்டு உக்காந்திருந்தோம். அந்தக் காரவீட்டுல ஒரு சொட்டு விழல! பையன் பெருமையாச் சொன்னான். விழுமா? அம்புட்டையும் அந்த அட்டை குடிச்சிருச்சே. மூணாம் நாளு சீலிங்கு நெறமாச வயிறு மாதிரி தொங்கிச்சு, நாலாம் நாளு பிரசவம் ஆச்சு. அப்புறம் என்ன செஞ்சான்? புது அட்டை வாங்கி மாட்டுனான். லைட்டு இந்தத் தடவ பச்சை.

மாத்த வேண்டியத மறைக்கான், ஒட்ட வேண்டியத ஒடைக்கான். வாரவன் கண்ணுல படுறதுக்குத்தான் செலவு பண்ணுதான்.

ஓலைக் கூரைக்காரனுக்கு இந்தக் கொழப்பம் இல்ல. ரெண்டு மழைக்காலம் தாங்குனாப் பெருசு, மறுபடி வேயணும்னு அவனுக்கே தெரியும். சிமெண்டு சீட்டுக்கு மட்டும் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காமக் கேளு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு ஓரம் நைஞ்சு நாரு நாராத் தெரிஞ்சா அதுக்கு ஒட்டு கெடையாது, மாத்திரு. எறக்கும்போது சுத்தியலால ஒடைக்காத, அறுக்காத, தேச்சுக் கழுவாத. அந்தத் தூசி நொரையீரலப் புடிச்சா விடாது. நல்லாத் தண்ணி ஊத்தி நனைச்சு, முழுசு முழுசா எறக்கு. ஒடஞ்ச துண்ட எடுத்து அடுப்புக்கு அண்டை குடுக்காத.

தீவாளி கழிஞ்ச மறுநாளு அந்தக் காரவீட்டுப் பையன் என்னையும் கூப்புட்டான். எம் பேரன் போயி நம்ம ஆணிக் கதைய அளந்திருக்கான் போல. சீலிங்குப் பலகையெல்லாத்தையும் கழட்டச் சொன்னேன். ஏணியில ஏறுனேன். இந்த வயசுல ஏறலாமான்னு கேக்காத, எறங்கத்தான் பயம். தடிக்கம்பால மேல தட்டுனேன். வாசப்பக்கம் டண் டண்ணுச்சு. நடுவுக்கு வந்தேன். தொப்பு தொப்புன்னு, பழுத்த பலாவத் தட்டுன மாதிரி. இன்னும் நாலு அடி தள்ளி, அங்கயும் தொப்பு. ஒரு பத்தை தானா உதிர்ந்து பயலோட காலடியில விழுந்துச்சு. உள்ள கம்பி. எட்டு எம்.எம். கம்பி போட்டதா அவுகப்பன் சொல்லுவான். இப்போ அது எங்கூட்டு ஊதுபத்தி தண்டி இருந்துச்சு. நகத்தால சொரண்டுனா ஏடு ஏடா வருது.

ஒரு எடத்துல மட்டும் இப்படின்னா கொத்தி எடுத்து, துருவத் தேச்சு, மருந்து பூசி, மறுபடி பூசிரலாம். இப்படி எடத்துக்கு எடம் தொப்புன்னா என்ன பூசுறது? இன்ஜினியரக் கூப்புடுன்னேன். அவுக ஒரு மருந்தத் தெளிப்பாக. நல்ல காங்கிரீட்டு ரோசாக் கலரா மாறும், செத்தது மாறாது. அந்தச் சோதனைய நான் கேலி பண்ண மாட்டேன். கம்பு சொல்லாதத அது சொல்லும். கேலியெல்லாம் அந்தப் பச்ச லைட்டுக்குத்தான்.

பையன் காலடியில கெடந்த பத்தையக் கையில எடுத்து உருட்டிக்கிட்டே கேட்டான். “தாத்தா, இன்னும் எத்தன வருசம் தாங்கும்?”

“வருசத்த விடு. ராத்திரி எங்கன படுக்க?”

நான் நிக்கிற ஏணிக்குப் பக்கத்துல இருந்த கட்டிலக் காமிச்சான்.

“மொதல்ல அதத் தார்சாவுக்குத் தூக்கு. ஒரு கையி நான் புடிக்கேன்.”