பூச்சியின் கோட்டைக்குள் நூற்புழு

பூச்சிக்குக்கூட எதிர்ப்புச் சக்தி உண்டா? தடுப்பூசியா போட்டுக்கொள்கிறது?
– பத்தாம் வகுப்பு மாணவி, தாராபுரம்

நமக்கு இருக்கும் ஆன்டிபாடிகள் அதற்கு இல்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. அந்நிய உயிர் எதுவும் உள்ளே நுழைந்தால் ரத்த அணுக்கள் ஓடி வந்து மொய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி, உயிரோடு சமாதி கட்டிவிடும். பிறகு ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்து, மெலனின் படிந்து, அந்தச் சமாதி கறுத்து இறுகும். நறுக்கி வைத்த கத்திரிக்காய் கறுப்பதும் இதே வகை வேதிவினைதான்.

இவ்வளவு காவல் இருந்தும் அரை மில்லிமீட்டர் நூற்புழு எப்படி ஜெயிக்கிறது?
– கல்லூரி ஆசிரியர், மதுரை

தனியாக வருவதில்லை, அதுதான் ரகசியம். ஸ்டைனர்னீமா நூற்புழு தன் குடலில் ஜீனோராப்டஸ் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு, பூச்சியின் வாய், ஆசனவாய், சுவாசத் துளை என்று கிடைத்த வழியில் நுழைகிறது. ஸ்டைனர்னீமா ஃபெல்டியே என்ற இனத்தின் மேல்தோல், பூச்சியின் ரத்தத்திலுள்ள புரதங்களையே இழுத்துப் போர்த்திக்கொள்ளும். காவலுக்கு வந்த அணுக்களுக்கு அது அந்நியமாகவே படாது. அந்த அவகாசத்தில் பாக்டீரியா வெளியே வந்துவிடும்.

வந்து என்ன செய்யும்? நேராக அடிதடியா?
– அதே ஆசிரியர்

முதலில் அபாயச் சங்கை ஊதவிடாமல் செய்யும்! அணுக்களைத் திரட்டும் செய்தி ஐகோசனாய்டு என்ற வேதிப்பொருள்கள் வழியாகப் போகிறது. அவற்றைத் தயாரிக்கத் தேவையான பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியை ஜீனோராப்டஸ் முடக்குகிறது. அணுக்கள் இருக்கும், திரளாது. பிறகுதான் நச்சு. பெரும்பாலும் இரண்டு நாளில் பூச்சி இறந்துவிடும். பெருகிய பாக்டீரியாவையும் கரைந்த உடலையும் தின்று நூற்புழு குடும்பம் நடத்தும்.

இதனால் மனிதனுக்கு என்ன லாபம்?
– மருந்துக்கடைக்காரர், திருச்சி

உங்கள் கடைக்கே சம்பந்தம் உண்டு. ஹெட்டிரோராப்டைட்டிஸ் என்ற இன்னொரு நூற்புழுவின் கூட்டாளி ஃபோட்டோராப்டஸ். இந்த பாக்டீரியா ஒரு ஸ்டில்பீன் பொருளைத் தயாரித்து, மேலே சொன்ன ஃபீனால் ஆக்சிடேஸையே தடுக்கிறது, சமாதி கறுப்பதில்லை. அதே பொருள்தான் டேப்பினராஃப். சோரியாசிஸுக்கான பூச்சு மருந்தாக 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மண்ணுக்குள் நடக்கும் சண்டையை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பூச்சி ஜெயிப்பதே இல்லையா?
– வங்கி ஊழியர், சேலம்

ஜெயிக்கும். ஜப்பான் வண்டின் புழுவுக்குள் போகும் ஹெட்டிரோராப்டைட்டிஸ் பாக்டீரியோஃபோரா பலமாகச் சுற்றி வளைக்கப்படும். அதே புழுவுக்குள் ஸ்டைனர்னீமா கிளாசெரி அவ்வளவு எளிதில் சிக்காது. 1929-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிளாசெர் என்ற ஆய்வாளர் அதைக் கண்டெடுத்ததே இந்த வண்டின் புழுக்களில்தான். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் வயலுக்கு ஆகுமா? வேரைக் கடிக்கும் புழுதானே நூற்புழு?
– கரும்பு விவசாயி, சத்தியமங்கலம்

வேரில் முடிச்சு போடுவது வேறு ஜாதி. இது பயிரைத் தொடாது. நமக்குச் சொந்தமானதும்கூட: ஹெட்டிரோராப்டைட்டிஸ் இண்டிகா என்ற இனம், கோயம்புத்தூரில் கரும்புக் குருத்துப்புழுவிலிருந்து எடுக்கப்பட்டு 1992-ல் பெயர் பெற்றது. மண்ணுக்குள் ஒளிந்து வேரைத் தின்னும் வெள்ளைப்புழுவைத் தேடிப்போய் அழிக்க இது பயன்படுகிறது. வெயிலும் வறட்சியும் இதற்கு எமன். ஈர மண்ணில், பொழுது சாய்ந்த பிறகு விடுங்கள். சில நாட்கள் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொடிய பூச்சிக்கொல்லியைக் கையில் எடுக்குமுன் இந்தப் புழுவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.