தனியே ஒரு பேஸ்

நெல்லை வண்ணார்பேட்டையில் பேஸ் கிதார் பழகுகிறவனுக்கு ஒரு வசதி: பைபாஸில் உறுமுகிற லாரி எது, இவன் எது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. தடித்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. இசைக்குழுத் தேர்வுக்கு வீடியோ அனுப்பினால் விரல் மட்டும் நடிக்கும். நேரில் போனாலோ, கோயில் கொடைக்கு வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் அண்ணாச்சி இரண்டு நிமிடம் தனியாக வாசிக்கச் சொல்வார். 'இளைய நிலா' பாட்டில் (1982) சசிதரன் பேஸில் வாசித்ததை அப்படியே இறக்கலாம். என்ன, பக்கத்தில் எஸ்.பி.பி. இருக்கமாட்டார். கட்டைவிரலால் கம்பியை அறைந்து சாகசம் காட்டினால் ட்ரம்ஸ்காரர் முறைப்பார், அது அவர் பிழைப்பு. நாலே சுரம், தாளம் பிசகாமல், நிதானமாக வாசிப்பதுதான் புத்தி. முடித்ததும் அண்ணாச்சி தலையாட்டுவார்: "சுருதி சேத்தாச்சுல்லா? சரிடே, இனி வாசி!"