காலி இடம் யாருக்கு?

கேள்வி: அரியலூருக்குத் துணி எடுக்கப் போயிருந்தோம். கடை வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய இடம் காலியாகத்தான் கிடந்தது. ஐந்தே நிமிடம் பைக்கை நிறுத்தியதற்கு ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். காலி இடத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி?
- ஒரு வாசகர், திருமழபாடி

பதில்: ஐந்து நிமிடத்தில் துணி எடுத்து முடித்த குடும்பம் எந்த ஊரிலும் கிடையாது! சண்டைக்கு வந்தவர் பக்கம்தான் நான். காலியாகக் காத்திருப்பதுதான் அந்த இடத்தின் வேலை.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டியை நிறுத்தி, ஊன்றுகோலை உருவித் தரையில் ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் நகர்த்தித்தான் இறங்குவார். பக்கத்தில் ஒரு பைக் ஒட்டி நின்றால் இறங்க வழியில்லை. அவர் கடைக்குள் இருக்கும்போது நீங்கள் வந்து ஒட்டி நிறுத்தினால், திரும்ப ஏறவும் வழியில்லை. காரில் வருகிறவருக்கும் இறங்க இதேபோல் பக்கவாட்டில் இடம் வேண்டும். அதனால்தான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இப்படி ஒதுக்கும் கார் இடத்துக்கு 3.6 மீட்டர் அகலம் கேட்கிறது. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடமே; துணிக்கடையும் அதில் சேர்த்திதான்.

உங்கள் ஊர்க் கோயிலில் நந்திக்கு நடக்கும் கல்யாணத்தைப் பார்த்தால் நமக்கும் சீக்கிரம் கல்யாணம் ஆகும் என்பதைத்தான், ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பார்கள். அப்படி முந்துவது பார்க்கிங்கில் செல்லாது. பங்குனியில் அந்தக் கல்யாணத்துக்குக் கூட்டம் வருமே, அப்போது கோயிலருகே இப்படி நாலு இடம் ஒதுக்கச் சொல்லி ஊரில் நீங்களே கேளுங்களேன்.

கடைக்காரர்களே, பலகையை மாட்டிவிட்டு அதன் அடியிலேயே சரக்கு மூட்டையை அடுக்காதீர்கள்!