பூஞ்சிட்டுக்குப் பெரிய மாலை

ஏப்பா பேராண்டி, 2024-ல உன் வண்டி டேங்குல 31-னு ஒட்டியிருந்தே. மறு வருசம் அதைச் சுரண்டிப்புட்டு 37-னு ஒட்டுனே. என்னடான்னு கேட்டா, “தாத்தா, அகோஸ்டா நம்பரை மாத்திட்டாரு”ங்கிறே. ஸ்பெயின்ல மஸாரோன்னு ஒரு ஊரு. அங்கன பைக் பந்தயம் ஓட்டுற ஒரு மீனவர் மகன் நம்பரை மாத்துனா, இங்கன ஸ்டிக்கர் கடைக்காரனுக்கு யோகம். சரி, அந்தப் பந்தயத்துல பெரிய வகுப்பான மோட்டோஜிபியில அந்தப் பய ஜெயிச்சானாடான்னு கேட்டேன். “அவருதான் தாத்தா அடுத்த மார்க்கெஸ்”ங்கிறே. நான் என்னத்தைக் கேட்டேன், நீ என்னத்தைச் சொல்றே?

பய கெட்டிக்காரன்தான். இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். 2021-ல மோட்டோ3-ங்கிற சின்ன வகுப்புக்கு வந்தான். ரெண்டாவது பந்தயம் கத்தாருல. தண்டனைன்னு இவனையும் இன்னுஞ் சில பேரையும் தடத்துக்கு வெளிய பிட் லேன்ல நிறுத்திப்புட்டாக. மத்தவுக எல்லாம் பறந்த பொறவு கிளம்புனவன், கடைசியில அம்புட்டுப் பேரையும் தாண்டி மொத ஆளா வந்துட்டான். வந்த வருசமே பட்டம். அடுத்த வருசம் தொடை எலும்பு ஒடிஞ்சுச்சு. 2023-ல அதுக்கு அடுத்த வகுப்பு மோட்டோ2-ல பட்டம். இதுக்கு மேளம் அடிக்காம வேற எதுக்கு அடிக்கிறது?

அது வரைக்கும் சரி. நம்ம பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பாத்திருக்கியா அப்பு? எங்க பாத்திருப்பே, அங்க வந்தும் போனைத்தான் பாத்திருப்பே. பூஞ்சிட்டு, சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடுன்னு தனித்தனியா விடுவாக. பூஞ்சிட்டுல மொத வந்த சோடி பெரிய மாட்டுலயும் வரும்னு எந்தச் சம்சாரியாவது எழுதிக் குடுப்பானா? அங்கிட்டும் அதே சங்கதிதான். மோட்டோ3-ல 250 சிசி. மோட்டோ2-ல எல்லாருக்கும் ஒரே ட்ரையம்ப் எஞ்சின், 765 சிசி. ஆளு சூரனா இல்லையான்னு அங்கன தெரிஞ்சுபோகும். மோட்டோஜிபி 1000 சிசி. 2023-ல முஜெல்லோவுல பிராட் பைண்டர் 366 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாரு. அங்க கம்பெனிக்குக் கம்பெனி வண்டி வேற. 2024-ல நடந்த 20 பந்தயத்துல 19-ஐ டுகாட்டிக்காரன் அள்ளிக்கிட்டுப் போனான். நம்ம பய அந்த வருசம் ஏறுனது கேடிஎம் கூட்டத்து வண்டி. என்ன செய்வான் பாவம்?

பாவம்னும் சொல்லிட முடியாது. மூணாவது பந்தயத்துலயே ரெண்டாவதா வந்தான். ஜப்பான்ல மோட்டெகியில எல்லாருக்கும் முன்ன நின்னு கிளம்புற இடத்தைப் பிடிச்சான். சனிக்கிழமை குட்டிப் பந்தயத்துல விழுந்தான். ஞாயித்துக்கிழமையும் விழுந்தான். 2025-ல மொத்தத்துல நாலாவது. நல்ல இடம்தான். ஆனா அந்த ரெண்டு வருசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூட ஜெயிக்கலை.

மார்க்கெஸ் 2013-ல வந்த வருசமே, 20 வயசுல பட்டம் வாங்குனவரு. ஹோண்டாவோட சொந்த அணி வண்டி வேற. மறு வருசம் மொத பத்துப் பந்தயமும் அவருக்கே. 2020-ல கை ஒடிஞ்சு, நாலு ஆபரேசன் பண்ணி, 2025-ல மறுபடி பட்டம். உக்காந்திருக்கிற மனுசன் இன்னும் எந்திரிக்கலை. அதுக்குள்ள என்னப்பா துண்டு போட்டு இடம் பிடிக்கிறீக?

இதே ‘அடுத்த மார்க்கெஸ்’ங்கிற பேரை முன்ன குவார்ட்டராரோங்கிற பயலுக்குச் சூட்டுனது யாரு? 15 வயசுப் பய ஓட்டணும்னு வயசு விதியையே தளர்த்துனாக. 2015-ல மோட்டோ3-க்கு வந்தான். 2018 வரைக்கும் ஒரு ஜெயிப்பு இல்லை. கை தட்டுன கூட்டம் அப்ப எங்கிட்டுப் போச்சு? அவனேதான் 2021-ல மோட்டோஜிபி சாம்பியன். இன்னொருத்தன், பன்யாயாவைப் பாரு. 2013-ல மோட்டோ3-க்கு வந்த வருசம் வாங்குன புள்ளி எம்புட்டு? முட்டை. யாரும் சீண்டலை. 2016-ல நம்ம நாட்டு மஹிந்திரா வண்டியில அஸ்ஸென்ல ஜெயிச்சான். 2022, 2023 ரெண்டு வருசமும் பெரிய பட்டம் அவனுக்கு. எந்தச் சோசியன் சொன்னான் இதை?

சிரிச்சுக்கிட்டே பேசுறேன், இதை மட்டும் சிரிக்காமக் கேளு. 2021-ல ஐரோப்பாவுல 14, 15, 19 வயசுல மூணு புள்ளைக பந்தயத்துல செத்துப்போச்சு. அதுக்குப் பொறவுதான் உலகப் பந்தயத்துக்கு வயசு 18-னு ஏத்துனாக. 2023-ல நம்ம இருங்காட்டுக்கோட்டையிலயும் 13 வயசுப் புள்ளை ஒண்ணு போச்சு. மீசை முளைக்காத பயலைப் பிடிச்சு அடுத்த இவன், அடுத்த அவன்னு உசுப்பேத்துறவுகளுக்கு என்ன? கீழே விழுறது அவுகளா?

முடிவாச் சொல்றேன். அகோஸ்டா வாங்குன ரெண்டு பட்டத்துக்கும் போட்ட கூச்சல் தகும். வாங்காத பட்டத்துக்கு இப்பவே எதுக்கு வெடி? ஜெயிக்கிற அன்னைக்கு ஜெயிச்ச அளவுக்குப் போடு, சரவெடி நானே வாங்கித் தாரேன். அது கிடக்கட்டும், எல்எல்ஆரை வச்சுக்கிட்டே இன்னும் எம்புட்டு நாளைக்கு ஓட்டுவே? நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு ஆர்டிஓ ஆபீசுக்குப் போயி, எட்டுப் போட்டு லைசென்சை வாங்கிட்டு வா.