தேர்வுக் குழுத் தலைவர், விருத்தாசலம்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கத்து டீக்கடையில் கால்பந்து அணி கட்டும் பொறுப்பை ஒருவர் தானாகவே ஏற்றிருக்கிறார். சம்பளம் கிடையாது, டீ கணக்கில்.

2017 ஜூலையில் மும்பையில் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கின் வீரர் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடி ரூபாய்க்கு ஜாம்ஷெட்பூர் எடுத்தது. “கப்பு அவனுங்களுக்குத்தான், எழுதி வச்சுக்க” என்றார். ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடம், அரையிறுதிக்கே வரவில்லை. “டிஃபென்டருக்கு எவனாவது கோடி கொடுப்பானா? அன்னிக்கே சொன்னேன்ல!”

கோப்பையைச் சென்னையின் எஃப்.சி. வென்றது. பெங்களூரில் நடந்த இறுதிப் போட்டியில் 3-2. அதில் இரண்டு கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் மைல்சன் ஆல்வெஸ். அவரும் டிஃபென்டர்தான். பிரேசில்காரர், ஆகவே இந்தியர்களுக்கான டிராஃப்டில் அவர் பெயரே கிடையாது. தலைவர் அசரவில்லை: “பின்னாலேருந்துதான்டா டீமைக் கட்டணும்.”

சுடுவதற்கு முன்னாடியே எந்த விளக்கு விரிசல் விடும் என்று சொல்ல இந்த ஊர்ச் சூளைக்காரர்களே துணிய மாட்டார்கள். இவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

அடுத்த சீசனில் அதே சென்னையின், பத்து அணிகளில் பத்தாவது.

“என்னண்ணே இது?”

“கோச்சு நம்மளைக் கலந்துக்கலையே தம்பி.”